இஸ்கோ மொரேனோ: சினிமா வாங்கித் தந்தது ஒரு கவுன்சிலர் சீட்டு மட்டும்தான்

"பிலிப்பைன்ஸில் நடிகராக இருந்தால் போதும், மேயர் நாற்காலி கிடைத்துவிடும், மணிலா மேயர் இஸ்கோ மொரேனோவே அதற்குச் சாட்சி, சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இஸ்கோ நடிகர்தான், மேயரும்தான். ஆனால் அவர் முதன்முதலில் தேர்தலில் ஜெயித்தது 1998-ல், மேயர் ஆனது 2019-ல். நடுவில் கிடக்கிற 21 வருஷத்தை விட்டுவிட்டு "சினிமாக்காரர் வந்தார், ஜெயித்தார்" என்று சொன்னால் அவர் ஜெயித்ததும் புரியாது, அதைவிட முக்கியமாக ரெண்டு முறை தோற்றதும் புரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் மணிலா என்று சொல்வது பெரும்பாலும் மெட்ரோ மணிலாவை. அது 16 நகரங்களும் ஒரு முனிசிபாலிட்டியும் ஒட்டிக் கிடக்கிற பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனி மேயர். அதில் மணிலா சிட்டி என்பது 43 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டு, அதற்குள் 2020 கணக்குப்படி 18 லட்சத்துக்கு மேல் ஜனம். துறைமுகம், பழைய கோட்டை, பினோண்டோ சீனர் பகுதி, கியாப்போ தேவாலயம், டிவிசோரியா மொத்த வியாபாரச் சந்தை, தொண்டோ குடிசைகள் எல்லாம் இதற்குள்தான். பளபளக்கும் கட்டடங்கள் இருக்கிற மகாட்டியும் போனிஃபாசியோ குளோபல் சிட்டியும் இதற்குள் வராது. மணிலா மேயர் என்றால் தலைநகரின் மேயர் என்ற கௌரவம் உண்டு, ஆனால் கையில் இருப்பது பழசாகிப்போன, நெரிசல் பிடித்த, ஏழைகள் நிறைந்த ஊர்.

இஸ்கோ அந்தத் தொண்டோக்காரர். நிஜப் பெயர் பிரான்சிஸ்கோ மொரேனோ டொமகோசோ, பிறந்தது 1974 அக்டோபரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கூலித் தொழிலாளி. பையன் பழைய பேப்பரும் பாட்டிலும் பொறுக்கி விற்றவன், சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவன். "பக்பக்" என்று அங்கே ஒரு சாப்பாடு உண்டு. ஹோட்டல்களில் வாடிக்கையாளர்கள் கடித்து வைத்துவிட்டுப் போன கோழித் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்து, உதறி, கழுவி, மறுபடி பொரித்துத் தின்பது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தேன் என்று இஸ்கோ எத்தனை மேடையில் சொன்னாரோ கணக்கே கிடையாது. எதிராளிகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் "வறுமையை விற்கிறார்" என்று கிண்டல் செய்வார்கள். சொல்லிக் காட்டுகிறார் என்பது உண்மைதான். ஆனால் கட்டுக்கதை என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை, தொண்டோவில் அவரோடு வளர்ந்தவர்கள் இன்னமும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

அவர் சினிமாவுக்கு வந்தது ஒரு சாவு வீட்டில். பிலிப்பைன்ஸில் இறந்தவரை நாலைந்து நாளாவது வீட்டிலோ தெருவிலோ வைத்திருப்பார்கள், ராத்திரி முழுக்க விளக்கு எரியும், சீட்டாட்டம் நடக்கும், காப்பி, பிஸ்கட் சுற்றி வரும், தெருவே அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 1993-ல் அப்படி ஓர் இடத்தில் புதுமுகங்களைத் தேடுகிற ஆள் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறார். அவர் கொண்டுபோய் விட்ட இடம் ஜெர்மன் மொரேனோ நடத்திய 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' டிவி நிகழ்ச்சி. குயா ஜெர்ம்ஸ், அதாவது ஜெர்ம்ஸ் அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். தினமும் ஒரு குழு பதின்வயதுப் பிள்ளைகள் வந்து ஆடிப் பாடி நடிப்பார்கள், நாட்டின் நட்சத்திரங்களில் ஒரு தலைமுறையே அங்கேயிருந்து வந்தது. இஸ்கோ மொரேனோ என்ற பெயர் அங்கே ஒட்டியதுதான். மொரேனோ அம்மா வழிப் பெயராகவும் அமைந்துவிட்டதால் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நடிகராக இஸ்கோ முதல் வரிசை கிடையாது. படங்கள் செய்தார், அதில் கொஞ்சம் கவர்ச்சிப் படங்களும் சேர்த்தி (பின்னாளில் தேர்தல் வந்தபோதெல்லாம் யாராவது அதைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள்), டிவியில் வந்தார், தெருவில் பார்த்தால் பெண்கள் கூச்சல் போடுகிற அளவுக்கு முகம் தெரிந்தது. ஆனால் அவர் பெயருக்காக மட்டும் தியேட்டர் நிறைந்ததில்லை. பின்னாளில் ஜனாதிபதியான சூப்பர் ஸ்டார் ஜோசப் எஸ்ட்ராடாவோடு ஒப்பிட்டால் இவர் சினிமா கணக்கில் ஒன்றுமே இல்லை. இந்த அளவு புகழுக்கு என்ன விலை என்று பார்த்தால், சரியாக ஒரு கவுன்சிலர் சீட்டு.

அதற்கும் காரணம் இருக்கிறது, அது வாக்குச்சீட்டில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2010-ல்தான் எந்திரம் எண்ணுகிற வாக்குச்சீட்டு வந்தது. அதுவரை வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே அச்சடித்திருக்காது. வெறும் கோடுதான். வாக்காளர் தன் கையால் பெயரை எழுத வேண்டும். 1998 மே தேர்தலில் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, 12 செனட்டர்கள், கீழவை உறுப்பினர், மேயர், துணை மேயர், பிறகு ஆறு கவுன்சிலர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரே மூச்சில் எழுதியாக வேண்டும். மணிலாவுக்கு ஆறு மாவட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆறு கவுன்சிலர். கீழே வர வர கை வலிக்கும், மூளையில் பெயர் தீர்ந்துபோகும். அந்தக் கடைசி ஆறு கோடுகளில் எழுத, ஞாபகத்துக்குச் சட்டென்று வருகிற, நாலு எழுத்தில் முடிகிற பெயர் இருந்தால் அவன் ஜெயித்தான். "இஸ்கோ" அப்படி ஒரு பெயர். 23 வயதில் முதல் மாவட்டத்திலிருந்து, அதாவது சொந்தத் தொண்டோவிலிருந்து, கவுன்சிலர் ஆனார்.

கவுன்சிலர் பதவியில் எத்தனையோ நடிகர்கள் மாட்டிக்கொண்டு அங்கேயே முடிந்துபோயிருக்கிறார்கள். சம்பளம் வரும், கையெழுத்துப் போடலாம், சாவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் போய்க் கவர் கொடுக்கலாம், மூன்று தவணை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். (1991-ன் உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு தவணை மூன்று வருஷம், தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் அதே பதவியில் இருக்கக் கூடாது.) இஸ்கோ அந்த ஒன்பது வருஷத்தில் ரெண்டு வேலை செய்தார். ஒன்று, படித்தார். பொது நிர்வாகத்தில் பட்டம் வாங்கினார், சட்டக் கல்லூரியிலும் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். தன்னை முட்டாள் நடிகன் என்று சபையில் நினைக்கிறார்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ரெண்டாவது, டேனி லகூனாவிடம் தொழில் கற்றார். அப்போதைய துணை மேயர், மணிலா சந்து பொந்தெல்லாம் தெரிந்த பழைய அரசியல்வாதி. அவருடைய மகள் டாக்டர் ஹனி லகூனா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மணிலாவில் கிட்டத்தட்ட 900 பாரங்காய் உண்டு. பாரங்காய் என்பது வார்டைவிடச் சின்ன அலகு, சில இடத்தில் ரெண்டு தெரு சேர்ந்தாலே ஒரு பாரங்காய். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், தேர்தலில் ஜெயித்து வருபவர். யார் வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், யார் பையன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். மணிலாவில் ரசிகர் மன்றம் கட்சி வேலை பார்ப்பதில்லை, இந்தப் பாரங்காய் தலைவர்கள்தான் பார்க்கிறார்கள். இஸ்கோவின் நிஜமான சொத்து அவர்களோடு வருஷக் கணக்கில் உட்கார்ந்து பழகியது. 2007-ல் துணை மேயர் ஆனார், 2010-லும் ஆனார், 2013-லும் ஆனார்.

துணை மேயர் என்பது விசித்திரமான பதவி. மேயரையும் துணை மேயரையும் ஜனங்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ரெண்டு பேரும் எதிர் முகாமாகக்கூட இருக்கலாம். துணை மேயர் நகர சபைக்குத் தலைமை தாங்குவார், நிர்வாகத்தில் பெரிதாகக் கை வைக்க முடியாது. அந்த இடத்தில் இருந்துகொண்டு இஸ்கோ 2010-ல் ஆல்ஃபிரெடோ லிம்மோடு ஜோடி சேர்ந்து நின்றார். லிம் பழைய போலீஸ் ஜெனரல், 'டர்ட்டி ஹாரி' என்று பட்டப்பெயர் வாங்கிய ஆள். கொஞ்ச காலத்திலேயே உறவு கசந்தது. எவ்வளவு கசந்தது என்றால் 2013 மார்ச்சில், தேர்தலுக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது, சான்டா குரூஸ் பகுதியில் ஜனங்களோடு பிங்கோ விளையாடிய இடத்தில் துணை மேயர் இஸ்கோவையும் ஐந்து கவுன்சிலர்களையும் சூதாட்டக் குற்றத்துக்கு மணிலா போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நகரத்தின் துணை மேயரை, அவர் நகரத்துப் போலீஸே, பிங்கோவுக்கு! பழிவாங்கல் என்று இவர்கள் சொன்னார்கள், சட்டம் சட்டம்தான் என்று அந்தப் பக்கம் சொன்னது. கைதானவர்களில் ஹனி லகூனாவும் உண்டு, யூல் சர்வோ என்ற நடிகர் கவுன்சிலரும் உண்டு.

அந்த நேரத்தில் இஸ்கோ எஸ்ட்ராடா பக்கம் போயிருந்தார். எஸ்ட்ராடாவைப் பற்றிச் சொல்லாமல் பிலிப்பைன்ஸ் நடிகர் மேயர்கள் கதையைச் சொல்லவே முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இவர்தான் நிஜமான சூப்பர் ஸ்டார். ஏழைகளுக்காகச் சண்டை போடுகிற நாயகன் வேடத்திலேயே ஊறியவர். 1969-ல் சான் ஹுவான் மேயர் ஆனார், அப்போது அது நகரம்கூட இல்லை, முனிசிபாலிட்டி. 1986 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அப்புறம் செனட்டர், துணை ஜனாதிபதி, 1998-ல் ஜனாதிபதி. 2001-ல் ஜனங்கள் தெருவில் இறங்கிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2007-ல் கொள்ளைக் குற்றத்துக்குத் தண்டனை, அதே வருஷம் அரோயோ ஜனாதிபதியாக இருந்து மன்னிப்புக் கொடுத்தார். 2010-ல் மறுபடி ஜனாதிபதிக்கு நின்று ரெண்டாவது வந்தார். வேறு யாராவது என்றால் இத்தோடு பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். எஸ்ட்ராடா 2013-ல் மணிலா மேயருக்கு நின்று லிம்மைத் தோற்கடித்தார், துணை மேயர் ஜோடி இஸ்கோ.

எஸ்ட்ராடா ஒரே தவணை இருந்துவிட்டு 2016-ல் இஸ்கோவுக்கு வழி விடுவார் என்பதுதான் ஊரறிந்த பேச்சு. 2016 வந்தது, எஸ்ட்ராடா நகரவில்லை, மறுபடி நின்றார். 3,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் லிம்மைத் தாண்டித் தப்பித்தார். இஸ்கோ அவரை எதிர்க்கவில்லை. மூன்று தவணை முடிந்த நிலையில் செனட்டுக்கு நின்றார், 12 இடத்துக்கு 16-வதாக வந்து தோற்றார். பிறகு அப்போதைய ஜனாதிபதி டுடெர்டேயின் அரசில் ஒரு ரயில்வே நிறுவனத் தலைவர், சமூக நலத்துறையில் துணைச் செயலாளர் என்று ரெண்டு நியமனப் பதவி. 2018 அக்டோபரில் அதை விட்டுவிட்டு மணிலாவுக்குத் திரும்பினார்.

2019 மே தேர்தல் நல்ல சினிமா மாதிரி. ஒரு பக்கம் 82 வயது எஸ்ட்ராடா, இன்னொரு பக்கம் அவரைவிட மூத்த லிம், நடுவில் 44 வயது இஸ்கோ. ரெண்டு கிழவர்களுக்கும் ஒரு காலத்தில் துணையாக நின்றவன் ரெண்டு பேரையும் ஒரே தேர்தலில் வீழ்த்தினான். இஸ்கோவுக்கு சுமார் 3,57,000 வாக்கு, எஸ்ட்ராடாவுக்கு சுமார் 2,10,000. அதே தேர்தலில் எஸ்ட்ராடாவின் ரெண்டு மகன்கள், ஜிங்கோயும் ஜே.வி.யும், செனட்டுக்குத் தோற்றார்கள். சான் ஹுவான் மேயர் பதவியும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அங்கே அவர்கள் ஆட்சி எஸ்ட்ராடாவின் 1969-லிருந்து நடுவில் சில வருஷம் தவிர ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் என்ற தகுதியால்தான் மேயர் ஆகிறார்கள் என்றால் அன்று ஜெயித்திருக்க வேண்டியது எஸ்ட்ராடா.

ஜூலை 2019-ல் நடந்ததுதான் இஸ்கோவை நாடு முழுக்கப் பேச வைத்தது. அதற்கு முன் டிவிசோரியாவில் நடந்தவர்களுக்குத் தெரியும், ரெக்டோ சாலையிலும் ஹுவான் லூனா தெருவிலும் தார் ரோடு கண்ணில் படாது. நடைபாதையில் கடை, அதற்கு முன்னால் கடை, ரோட்டின் நடுவில் கடை, மேலே தார்பாய், கீழே மீன் கழுவிய தண்ணீர். ஜீப்னி என்கிற ஷேர் வண்டி போக வேண்டிய பாதையில் உள்ளாடைக் குவியல். ஒவ்வொரு கடைக்காரரும் தினமும் யாருக்கோ மாமூல் கட்டுவார், அந்த யாரோவுக்கு மேலே இன்னொரு யாரோ. புது மேயர் பதவியேற்ற முதல் சில நாட்களிலேயே அதைக் காலி செய்தார். தீயணைப்பு வண்டி வந்து ரோட்டைக் கழுவிவிட்டது. அப்புறம் கரியேடோ, புளூமென்ட்ரிட் என்று மற்ற கடைத்தெருக்களும் வரிசையாக. கடைகளை விட்டு வைத்தால் தினமும் 50 லட்சம் பெசோ (அந்த நாட்டுப் பணம்) தருவதாகப் பேரம் வந்தது என்று அவரே சொன்னார்.

அதே மாதத்தில் நகர மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற போனிஃபாசியோ நினைவிடத்துக்குப் போனார். ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி செய்த ஆன்ட்ரேஸ் போனிஃபாசியோ, அவரும் தொண்டோக்காரர். நினைவிடம் பூராவும் மலம், மூத்திர நாற்றம். கூப்பிடு தூரத்தில் போலீஸ் பூத். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்த போலீஸ்காரர்களை மேயர் திட்டித் தீர்த்தார், உங்கள் மூக்குக்கு இது எட்டவில்லையா என்கிற தோரணையில். அந்த வீடியோ நாடெங்கும் ஓடியது.

இங்கேதான் நடிகன் திரும்பி வருகிறான். கையில் மைக் இல்லாமலே குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தொண்டோ கொச்சை பேச வேண்டும், எப்போது ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஏறக்குறைய தினமும் ஃபேஸ்புக் நேரலை. நகரத்துக்கு வந்த நன்கொடை, கையெழுத்தான அரசாணை, மாட்டிய லஞ்சப் பேர்வழி எல்லாம் நேரலையில். டிவி சேனல்களுக்குத் தனியாகச் செய்தி எடுக்கிற வேலையே மிச்சம், அதையே வெட்டிப் போட்டார்கள். சிறுசுகள் மேயர் என்பதைத் திருப்பிப் போட்டு "யோர்மே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளம்பர நிறுவனங்கள் தேடி வந்தன, அந்தப் பணத்தை நிலநடுக்க நிவாரணத்துக்கும் மற்றதுக்கும் கொடுப்பதாக அதையும் நேரலையில் காட்டினார். விளம்பரம் என்று திட்டினவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், மாமூல் ஓடுகிற ஊரில் வெளிச்சம் போட்டுக் காட்டுவதும் நிர்வாகத்தில் ஒரு பகுதிதான். ஆனால் கேமரா போன பிறகு கடைகள் சில இடங்களில் மெல்லத் திரும்பி வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கடைக்காரர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது, இதை இஸ்கோவைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது.

நிற்கிற வேலைகளும் இருக்கின்றன. ஜோன்ஸ் பாலத்துக்குப் பழைய விளக்குகளும் சிலைகளும் திரும்பின. நகரத்தில் எஞ்சியிருந்த அரோசெரோஸ் சின்னக் காட்டை நிரந்தரப் பூங்காவாக்கச் சட்டம் வந்தது. தொண்டோவிலும் பினோண்டோவிலும் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு, அதற்குத் தொண்டோமினியம், பினோண்டோமினியம் என்று பெயர். முதியவர்களுக்கு மாதம் 500 பெசோ, நகரப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 1,000 பெசோ. கோவிட் காலத்தில் லுனேட்டா பூங்காவில் 344 படுக்கை கொண்ட கள மருத்துவமனையை ரெண்டு மாதத்துக்குள் எழுப்பினார்கள், ஏறக்குறைய 7 லட்சம் குடும்பங்களுக்கு மாதாமாதம் சாப்பாட்டுப் பெட்டி போனது. தொண்டோவில் உள்ள ஒரு பாட்டிக்கு இந்த 500 பெசோவும் அரிசியும் கையில் வந்தது, இஸ்கோ எந்தப் படத்தில் நடித்தார் என்பது அந்த வாக்கில் ஒரு கணக்கே இல்லை.

இதற்கெல்லாம் பணம்? கடன். பதவிக்கு வரும்போது எஸ்ட்ராடா கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போனார் என்று திட்டியவர், 2022-ல் போகும்போது ஆயிரம் கோடி பெசோவுக்கும் மேல் வங்கிக் கடனை விட்டுவிட்டுப் போனார். டிவிசோரியா பொதுச் சந்தையின் இடத்தையும் நூறு கோடி பெசோவுக்கு மேல் ஒரு தனியாருக்கு விற்றார்கள், சந்தைக்காரர்கள் கொதித்தார்கள். பெருந்தொற்றுக்குப் பணம் வேண்டியிருந்தது என்பது அவர் தரப்பு. இன்னொரு விஷயம், 2016 செனட் பிரசாரத்துக்கு வந்த நன்கொடையில் மிஞ்சிய சுமார் 5 கோடி பெசோவைத் தானே வைத்துக்கொண்டு வரி கட்டியதாக அவரே பேட்டியில் சொன்னார். சட்டப்படி வரி கட்டினேன் என்று வாதாடினார், ஆனால் குப்பை பொறுக்கி வளர்ந்த பையன் என்ற பிம்பத்துக்கு அது நல்லதல்ல.

2021 செப்டம்பரில் பசேகோ குடிசைப் பகுதியில் நின்று ஜனாதிபதி வேட்பாளர் என்று அறிவித்தார். துணை ஜனாதிபதிக்கு ஜோடி டாக்டர் வில்லி ஓங், இணையத்தில் மருத்துவக் குறிப்பு சொல்லிப் புகழ் பெற்ற இதய மருத்துவர். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஜோடி. கிடைத்தது 19 லட்சத்து சொச்சம் வாக்கு, நாலாவது இடம். ஜெயித்த பாங்பாங் மார்கோஸுக்கு (பழைய சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மகன்) 3 கோடிக்கு மேல், அப்போதைய துணை ஜனாதிபதி லெனி ரொப்ரெடோவுக்கு ஒன்றரைக் கோடி, குத்துச்சண்டை வீரர் பக்கியாவோகூட இவருக்கு மேலே. மார்கோஸ் குடும்பம் கட்ட வேண்டிய 20,300 கோடி பெசோ சொத்து வரி பாக்கியைத் தேர்தல் பேச்சாக்கியதில் இஸ்கோவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதுவரை நல்ல ஆட்டம்தான். ஆனால் ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு ஹோட்டலில் மற்ற ரெண்டு வேட்பாளர்களோடு உட்கார்ந்து "லெனி விலக வேண்டும்" என்று சொன்னார் பாருங்கள், அங்கே போனது. ரெண்டாவது இடத்தில் இருப்பவரை நாலாவது இடத்தில் இருப்பவர் விலகச் சொல்கிறார் என்று நாடே சிரித்தது. அதுவரை மதில் மேல் இருந்த அவருடைய ஆட்களில் பலர் லெனி பக்கம் குதித்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2016 செனட் தேர்தலில் அவருக்கு ஒரு கோடிக்கு மேல் வாக்கு, 2022-ல் 20 லட்சம்கூட இல்லை. புகழ் குறைந்துவிட்டதா? இல்லை, 2022-ல் அவர் 2016-ஐவிட எத்தனையோ மடங்கு பிரபலம். செனட்டுக்கு ஒருவர் 12 பெயருக்கு வாக்களிக்கலாம், பத்தாவது பதினொன்றாவது பெயராக "அந்த நடிகன், பரவாயில்லை" என்று போட்டுவிடுவார்கள். ஜனாதிபதிக்கு ஒரே வாக்கு. முகம் தெரிந்தவர் என்பது பன்னிரண்டில் ஒன்றாக வருவதற்கு உதவும், ஒன்றே ஒன்றாக வருவதற்கு ஆள், பணம், மாகாண கவர்னர்கள் என்று வேறு சரக்கு வேண்டும். நாட்டின் நடுவிலும் தெற்கிலும் உள்ள விசயாஸ், மின்டனாவோ தீவுகளில் இஸ்கோவுக்கு அது கிடையாது, அவருடைய பாரங்காய் தலைவர்கள் எல்லாம் மணிலாவில் இருக்கிறார்கள்.

தோற்ற பிறகு மறுபடி கேமரா முன்னால் போனார். மார்கோஸ் குடும்பத்துப் பக்கச் சாய்வு உள்ள ஒரு படத்தில் அப்பா மார்கோஸின் பரம எதிரி நினோய் அக்கினோவாக நடித்தார், இது எப்படிப்பட்ட தெரிவு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 2023-ல் 'ஈட் புலாகா' மதிய நிகழ்ச்சியில், பழைய தொகுப்பாளர்கள் சண்டை போட்டு வெளியேறிய பிறகு, தொகுப்பாளர்களில் ஒருவராக வந்தார். அது 2024 மார்ச்சில் வேறு பெயரில் மூடப்பட்டது. டிவிக்காரராக அவர் மார்க்கெட் அவ்வளவுதான்.

ஆனால் மணிலாவில் அவர் மார்க்கெட் வேறு. 2022-ல் அவர் இடத்துக்கு மேயராக வந்தவர் ஹனி லகூனா, மணிலாவின் முதல் பெண் மேயர். துணை மேயர் நடிகர் யூல் சர்வோ, பிங்கோ கைதில் பார்த்த அதே ஆள். 2025-ல் குருவின் மகளை எதிர்த்தே இஸ்கோ நின்றார். துரோகம் என்றார்கள் லகூனா பக்கம், குப்பை மலையைப் பாருங்கள் என்றார் இவர். இஸ்கோவுக்கு 5 லட்சத்துக்கு மேல் வாக்கு, பதவியில் இருந்த மேயருக்கு 2 லட்சம்கூட இல்லை. டிவி முகமும் கோடிக்கணக்கில் பணமும் உள்ள சாம் வெர்சோசா மூன்றாவது. இந்தத் தேர்தலில் இன்னொரு நடிகரும் நின்றார், ரேமண்ட் பகட்சிங். நல்ல நடிகர், அதற்கு மேல் 1972 முதல் 1986 வரை மணிலா மேயராக இருந்த ரமோன் பகட்சிங்கின் குடும்பம் (ஆமாம், பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே, பஞ்சாபி வம்சாவளிதான்). நடிப்பும் இருந்தது, மேயர் குடும்பப் பெயரும் இருந்தது, கண்டுகொள்ள ஆளில்லை.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். வில்மா சாந்தோஸ் இஸ்கோவைவிட எத்தனையோ மடங்கு பெரிய நட்சத்திரம், 1998-ல் லிப்பா நகர மேயராகி மூன்று தவணை வேலை பார்த்த பிறகுதான் பதங்காஸ் கவர்னர் ஆனார். அவருடைய மகன், டிவியில் எல்லோருக்கும் தெரிந்த லூயிஸ் மன்சானோ, 2025-ல் துணை கவர்னருக்கு நேராகக் குதித்துத் தோற்றார். நடிகர் ரிச்சர்ட் கோமெஸ் செனட், கீழவை, மேயர் என்று வரிசையாக அடி வாங்கிய பிறகு 2016-ல்தான் ஓர்மோக் மேயர் ஆனார். பாசிக்கில் விக்கோ சோட்டோ நடிகர் வீட்டுப் பிள்ளை, ஆனால் அவர் நடித்தவர் இல்லை, ஒரு தவணை கவுன்சிலராக இருந்துவிட்டு 2019-ல் பல வருஷக் குடும்ப ஆட்சியைக் கவிழ்த்தார். 2025 செனட் தேர்தலில் நடிகர் போங் ரெவில்லாவும் டிவி தொகுப்பாளர் வில்லி ரெவிலாமேயும் தோற்றார்கள். அங்கே நடிகர்கள் நிறையப் பேர் ஜெயிப்பது நம் கண்ணில் படுகிறது, நிறையப் பேர் நிற்கிறார்கள் என்பதால் அது.

இப்போதைய நிலவரம்: 2025 ஜூன் 30-ல் மறுபடி பதவியேற்ற கையோடு குப்பைக்காக நகரத்தில் சுகாதார அவசரநிலை அறிவித்தார், லாரிகள், தண்ணீர் பீச்சல், நேரலை எல்லாம் பழையபடி. துணை மேயர் சீ அத்தியென்சா, 1998-ல் மேயரான லிட்டோ அத்தியென்சாவின் மகள். முதல் மாவட்டத்தில் கவுன்சிலராக ஜெயித்திருப்பவர் ஹோவாக்கின் டொமகோசோ, இளம் நடிகர், இஸ்கோவின் மகன். குடும்ப வாரிசு அரசியலை 1987 அரசியலமைப்பு தடை செய்யத்தான் சொல்கிறது. அதை அமல்படுத்தும் சட்டத்தை காங்கிரஸ் (அவர்கள் நாடாளுமன்றம்) இயற்ற வேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர்கள்.

2028-ல் மறுபடி ஜனாதிபதிக்குப் போவாரா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். மணிலாவில் இன்னும் ரெண்டு தவணை நிற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே நின்ற ரெண்டு தேர்தலிலும் அடி வாங்கியிருக்கிறார், நகரத்துக்குள் 1998-லிருந்து ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நகர மண்டபத்தை விட்டு நகர மாட்டேன். அவர் என்ன செய்வார் என்பது அந்தக் கடன் தவணையும் குப்பை லாரியும் எப்படி ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது, ஏனென்றால் இந்த முறை முந்தைய மேயர் மேல் பழி போட்டால் அந்தப் பழியில் பாதி 2022-க்கு முந்தைய இஸ்கோ மேலேயே வந்து விழும்.